கிரேனக்கா வாங்காத போன்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் கிரேனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த லாரி டிரைவர்களுக்கும் அவள் அக்காதான். "உங்களுக்கு நான் எப்படிங்க அக்கா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

முதலில் அவள் எடைமேடையில் ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கிரேன் ஓட்டும் வேலைக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று ஒருநாள் பலகையில் ஒட்டினார்கள். ஒருத்தியும் வரப்போவதில்லை என்று ஒட்டினவர்களே நினைத்திருப்பார்கள். இவள் போய் நின்றாள்.

"மேல போனா தலை சுத்தும்மா," என்றார் சூப்பர்வைசர்.

"சுத்தினா இறங்கிடறேன் சார். முதல்ல ஏற விடுங்க."

ஏறினாள். தலை சுத்தவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்குத்தான் கழுத்து வலித்தது.

கிரேனின் கேபின் என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். குனிந்தால் கப்பலின் வயிறு தெரியும். அங்கிருந்து சரக்குப் பெட்டியைக் கவ்வித் தூக்கி, காத்து நிற்கும் லாரியின் முதுகில் முட்டையை வைக்கிற மாதிரி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் போனைத் தொடக்கூடாது, அவளும் தொடமாட்டாள். ஆனால் ஒரு கப்பல் கிளம்பி அடுத்தது வந்து கட்டும் வரைக்கும், பலத்த காற்று என்று வேலையை நிறுத்தி வைக்கும்போதும், சும்மா சும்மா இறங்கி ஏற முடியாது. அப்போது அவளுக்குப் பேச்சுத்துணை, பாட்டுத்துணை எல்லாம் அந்த போன்தான்.

அதில் அவளுக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. காதில் செருகுகிற வயரில்லாத சாதனம் ஒன்றைக் கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்திருந்தார். கேபினுக்குப் போகிற கம்பிவலைப் பாதையில் நடக்கும்போது அதில் ஒன்று நழுவி, வலை ஓட்டை வழியாக நேராகக் கடலுக்குள் போய்விட்டது. மற்றது துணையில்லாமல் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. "வயரா இருந்தா காதுலேருந்து விழுந்தாலும் கழுத்துல தொங்கும்," என்று அன்றிலிருந்து வயருக்கே மாறிவிட்டாள்.

இன்னொன்று கேமரா. மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மேலேயிருந்து பார்த்தால்தான் தெரிகிற காட்சிகளை அம்மா அவளுக்கு எடுத்து அனுப்புவாள். மேல்தளத்தில் பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்ளும் மாலுமி. கயிற்றுச் சுருளுக்குள் தூங்கும் கப்பல் பூனை. கொடிக்கயிற்றில் லுங்கி மாதிரி எதையோ காயப்போட்டுவிட்டுக் காவல் நிற்கும் சமையல்காரர். போனிலிருந்த தூரத்து லென்ஸ் அதையெல்லாம் பக்கத்தில் இழுத்து வந்துவிடும். வகுப்பு முடிந்ததும் மகளிடமிருந்து, "இன்னிக்குப் பூனை வரலையாம்மா?" என்று கேள்வி வரும்.

எதை வாங்கினாலும் கிரேனக்கா முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் பின்பக்கத்தை. மிக்ஸியோ மின்விசிறியோ, எவ்வளவு வாட், எத்தனை சுற்று என்று படித்துவிட்டுத்தான் நிறத்தைப் பார்ப்பாள். இது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கிரேனில் ஒரு தகடு உண்டு. எவ்வளவு எடை தூக்கலாம் என்று பொறித்திருப்பார்கள். அந்தத் தகடு ஒன்று சொல்லி கிரேன் வேறொன்று செய்தால் கீழே நிற்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டான். அதனால் சொந்தத்தில் யார் போன் வாங்கினாலும் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தம்பி கடைக்குப் போவார்கள். கடைவீதியில் போன் கடை வைத்திருக்கும் தம்பிக்கு இதில் பெருமையும் உண்டு, சங்கடமும் உண்டு. "நீ வாங்காதேன்னு சொன்ன மாடலெல்லாம் என் அலமாரியிலேயே குடித்தனம் நடத்துதுக்கா," என்பான்.

அவள் கையிலிருந்தது ஒரு பெரிய கம்பெனியின் நாலாம் மாடல். திரையில் குறுக்கே ஒரு விரிசல், பேட்டரி மத்தியானத்துக்கே மூச்சு வாங்கியது. ஐந்தாம் மாடல் சூடாகிறது என்று விட்டாள். ஆறாம் மாடல் செங்கல் கனம் என்று விட்டாள். "ஏழு வரட்டும், ஏழு வரட்டும்" என்று வீட்டில் எல்லோர் காதும் புளித்துப்போகிற அளவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழும் வந்தது. அறிமுக விழாவை டிவியில் பார்க்க சாயங்காலம் தம்பி வீட்டில் கூடினார்கள். அவள், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், தம்பி, தம்பி மனைவி. திரையில் ஒருவர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார். எவ்வளவு மெல்லிசு என்று காட்ட போனைப் பக்கவாட்டில் பிடித்தார். கூட்டம் கைதட்டியது.

"நல்லாத்தான் இருக்கு, வடிச்சு வச்ச மாதிரி," என்றாள் தம்பி மனைவி.

"இரு. உள்ள என்ன இருக்குன்னு சொல்லட்டும்," என்றாள் கிரேனக்கா.

சொன்னார்கள். பேட்டரி நாலாம் மாடலில் இருந்ததைவிடச் சின்னது. மெமரி கார்டு போடும் இடம் இல்லை. இயர்போன் ஓட்டை இல்லை. தூரத்து லென்ஸை எடுத்துவிட்டு, படத்தைக் கம்ப்யூட்டர் மூளையே பெரிதாக்கிக்கொள்ளும் என்றார்கள். பெட்டிக்குள் சார்ஜரும் கிடையாது. பழையதை விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் என்று மேடைக்காரர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போறதுக்கு என்ன தைரியம் வேண்டிக்கிடக்கு? பிக்பாக்கெட்காரனுக்கும்தான் அது இருக்கு," என்றாள்.

கணவர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. அவளோ மூன்று மாடலாகக் காத்திருந்தவள். உள்ளே ஏதோ சப்பென்று ஆகிவிட்டது. அது கோபமாக மாறுவதற்கு அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "இது வேண்டாம். என் பழசு இதுக்கு எவ்வளவோ மேல்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

தம்பியும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது அப்போது அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் தம்பி மனைவி தனியாக வந்து சொன்னாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணனும் உங்க தம்பியும் சேர்ந்து உங்களுக்கு அந்த ஏழாம் மாடலைத்தான் முன்பதிவு பண்ணி வச்சிருக்காங்க. நம்ம கடையில முதல் போன் உங்களுக்குத்தான். கம்பெனியோட மண்டல மேனேஜர் வந்து மேடையில தர்றாரு. இதெல்லாம் போன மாசமே முடிவானது."

கிரேனக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் செய்தித்தாளுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

சாயங்காலம் தம்பியே வந்தான்.

"பிரியமா பண்ணினதுக்கா. வேண்டாம்னு சொல்லிடாதே."

"பிரியத்தை வேண்டாம்னு சொல்லலடா. போனைத்தான் வேண்டாம்னு சொல்றேன்."

"மேடையில சும்மா வாங்கிக்க. ஒரு போட்டோ, அவ்வளவுதான். அப்புறம் நான் மாத்தித் தரேன்."

"போட்டோவுல சிரிக்கணும். எனக்குச் சிரிப்பு வராது. என் மூஞ்சியைப் பாத்து நாலு பேர் வாங்கினா, அந்தப் பாவம் யாருக்கு?"

"உனக்கு எல்லாத்திலயும் வீம்புக்கா."

"ஆமா. வீம்பு இல்லன்னா இன்னும் எடைமேடையிலதான் ரசீது கிழிச்சிட்டிருப்பேன்."

கடைசியில் தம்பி இறங்கி வந்தான். வேறு ஒருவரை முதல் வாடிக்கையாளராக ஏற்றுவதாகவும், அவள் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னான். தம்பி கடை விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனாள். நல்ல புடவையாகவே கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கடை வாசலில் பந்தல் போட்டு, பலூன் கட்டி, வரிசையில் நிற்க கயிறு கட்டியிருந்தார்கள். மண்டல மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். நாலு வார்த்தை பேசிவிட்டுக் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "நம்ம முதல் வாடிக்கையாளர், கடை உரிமையாளரோட அக்கா. துறைமுகத்துல கிரேன் ஓட்டறவங்க," என்று கூப்பிட்டார்.

தம்பி சீட்டை மாற்றவே இல்லை. நாலு பேர் முன்னால் மேடையேற்றிவிட்டால் அக்கா மறுக்கமாட்டாள் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தான். கூடப் பிறந்தவனுக்கே அவளைச் சரியாகத் தெரியவில்லை.

கிரேனக்கா எழுந்து போனாள். பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். மேனேஜர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"முதல் ஆளா வாங்கறீங்க மேடம். என்ன தோணுது?"

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க."

"உங்க நாலாம் மாடலை நான் ரொம்ப நாளா வச்சிருக்கேன் தம்பி. நல்ல போன். அதைவிட இதுல பேட்டரி சின்னது. பாட்டு கேக்க ஓட்டை இல்ல. கார்டு போட வழியில்ல. தூரத்துல இருக்கறதைப் பிடிக்கிற லென்ஸை எடுத்துட்டீங்க. விலையை மட்டும் எடுக்காம விட்டு வச்சிருக்கீங்க. இதை என்னால வாங்க முடியாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மேனேஜர் முகம் சிவந்தாலும் நிதானம் தவறவில்லை. "உங்க கருத்தை மேலிடத்துக்குச் சொல்றேன் மேடம்," என்றார்.

"சொல்லுங்க. அவங்க கேக்கலன்னா மறுபடியும் சொல்லுங்க," என்று பெட்டியை அவர் கையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

இறங்கும்போதுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் வசனத்தை மறந்துவிட்டு நின்றானே, அதே முகம். ஆனாலும் திரும்பிப் போய் அந்தப் பெட்டியை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. வெளியே வந்தவளைக் கயிற்று வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, "அப்போ எதைத்தாம்மா வாங்கறது?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போகலாமா? அங்கேயே நின்று சொன்னாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். கணவர் வந்து மெதுவாக முழங்கையைப் பிடித்து, "போதும், வா. உன் தம்பி கடை இது," என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வழியில் அவர், "அவன் பண்ணினதும் தப்புதான். நான் பேசாம இருந்ததும் தப்புதான்," என்றார்.

"உங்க ரெண்டு பேரையும் நான் ஒண்ணும் சொல்லலையே."

"மைக்குல சொன்னியே."

"போனைப் பத்திதானே சொன்னேன்," என்றாள்.

தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் காலை வணக்கம் போட்டால் எல்லோரும் கும்பிடு போடுவார்கள், அவன் மட்டும் போடமாட்டான். துறைமுகத்திலோ இதுவே வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. கீழே நின்று சைகை காட்டுபவன் வாக்கிடாக்கியில், "அக்கா, இந்தப் பெட்டியையாவது வாங்கிப்பீங்களா, பின்பக்கம் படிக்கணுமா?" என்று கேட்பான். "படிச்சிட்டேன், தள்ளி நில்லு," என்பாள்.

ஏழாம் மாடல் நன்றாகவே விற்றது. அவள் பேச்சைக் கேட்டு ஏழெட்டுப் பேர் வேறு மாடலுக்குப் போயிருப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். கூட வேலை செய்கிறவர்களிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் பெருமையாகத் தடவிக் காட்டினார். "உங்க காசு, உங்க இஷ்டம்," என்றாள். தான் சொன்னது தப்போ என்று ஒருநாளும் அவள் நினைக்கவில்லை. தம்பியின் முகம்தான் அவ்வப்போது வந்து நின்றது.

நாலாம் மாடலின் பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்ட ஒரு லீவு நாளில் அவள் நேராகத் தம்பி கடைக்குப் போனாள். "வேற கடையில மாத்திக்கலாமே," என்றார் கணவர். "எதுக்கு? நான் என்ன திருடிட்டா ஓடிவந்தேன்?" என்றாள்.

கடைப் பையன்கள் அவளைப் பார்த்ததும் வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். தம்பி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினான்.

"பேட்டரி மாத்தணும். திரைக்கண்ணாடியும் போடணும். வாடிக்கையாளரா வந்திருக்கேன்," என்றாள்.

"உட்காருங்க," என்றான். அக்காவைப் பன்மையில் கூப்பிட்டான்.

உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேரின் வேலையை முடித்து அனுப்பினான். அவள் அசையவில்லை. கடைசியில் அவனே வந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான். மேசைவிளக்கைப் போட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே பேட்டரி உப்பிப்போய் இருந்தது.

"இதை வச்சிட்டா மேல ஏறிட்டிருந்தே? வெடிச்சிருந்தா?" என்று கேட்டான். பன்மை போய்விட்டது.

அவன் குனிந்தபடியே புதிய பேட்டரியை ஒட்டி, திரைக்கண்ணாடியையும் மாற்றினான். பிறகு சொன்னான். "அந்த ஏழாம் மாடலை வாங்கினவங்கள்ல ஒருத்தர்கூடப் பெட்டியைப் படிக்கலக்கா. நீலம் இருக்கா, பச்சை இருக்கான்னுதான் கேட்டாங்க. நீ ஒருத்தி பேசி என்ன ஆச்சு?"

"யாரும் கேக்கலன்னா சொல்லக்கூடாதா?"

"என் கடையில சொன்னியே."

"உன் கடையாச்சேன்னுதான் உன்கிட்ட முன்னாடியே சொன்னேன். நீதான் என்னை ஏத்திவிட்டே."

அவன் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். போனைத் துடைத்து அவள் கையில் வைத்தான். காசு கொடுக்கப் போனவளை ஒரு பார்வை பார்த்தான்; அவள் பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டாள்.

"எட்டாம் மாடலுக்கும் விழா வைப்பேன்," என்றான். "நீ வரணும். ஆனா மைக் பக்கம் போகக்கூடாது."

"நானாப் போகமாட்டேன்," என்றாள் கிரேனக்கா, இயர்போன் வயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "நீட்டினா பேசுவேன்."