ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு பெருக்கல் குறி

கௌதம் எதையும் திருடவில்லை. அவனைத் திருடன் என்று தெரு பார்க்கச் சொன்னவன் நான். சொன்னது பொய் என்று தெரிந்த பிறகு, அதற்கிருந்த ஒரே சாட்சியைப் பட்டி பூசி மூடியவனும் நானே!

அவன் மேல் சந்தேகம் முதலில் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கோலாரில் ஒரு வக்கீல். அவருடைய அப்பா ஓட்டிய பழைய அம்பாசிடரை நானும் கௌதமும் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரே பாலிடெக்னிக், ஒரே பெஞ்ச், ஒரே கார்ப் பைத்தியம். வண்டி முழுக்க ஓரளவு தேறிவிட்டது. ஸ்டீயரிங்தான் பரிதாபம்! தந்த நிறம் பழுப்பேறி, நடுக்கம்பிகள் வளையத்தைத் தொடும் இடமெல்லாம் வெடித்து, உள்ளிருக்கும் இரும்பு தெரிந்தது.

"வூட்டுக்கு எடுத்துனு போயி பொறுமையா பண்றேன் மச்சி" என்று ஒரு பழைய லுங்கியில் அதைச் சுற்றினான் கௌதம்.

வீட்டுக்கா? ஏன்?

அந்த நொடியில்தான் வந்தது! அசல் ஸ்டீயரிங்குக்குப் பெங்களூரில் ஆட்கள் அலைகிறார்கள். இதை விற்றுவிட்டு நகல் ஒன்றைப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அவனை டீ வாங்க அனுப்பினேன். லுங்கியைப் பிரித்து, ஹாக்ஸா பிளேடின் முனையால் வளையத்தின் அடிப்பக்கம் ஒரு சின்னப் பெருக்கல் குறி கீறினேன். அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் கை நழுவி, ஒரு கோடு மட்டும் வால் போல நீண்டுவிட்டது.

வெட்கப்பட்டேனா? இல்லை... பெருமையாக இருந்தது! என் தாத்தா தங்கச் சுரங்க வாசலில் வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களை நிறுத்தி, சட்டையை உதறச் சொல்லி, டிபன் டப்பாவைத் திறக்கச் சொல்லி, தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பது அவர் வேலை. கௌதமின் தாத்தா அந்த வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர். சுரங்கம் மூடியாகிவிட்டது. அந்தக் கண் மட்டும் எனக்கு வந்து சேர்ந்ததோ?

கண் மேலேயே எல்லாப் பழியையும் போடவும் முடியாது. வக்கீலின் நண்பர் பெங்களூரில் பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருந்தார். "ஸ்டீயரிங் நல்லா வரட்டும்பா, உங்கள்ல ஒருத்தர அங்க சேத்து விடறேன்" என்றிருந்தார் வக்கீல். ஒருத்தர!

வேலை முடிந்ததும் நானும் வக்கீலும் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் கௌதம் வீட்டுக்குப் போனோம். லுங்கியைப் பிரித்தான். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு மேடு இல்லை... புதுசாக வார்த்தது போல!

"இன்னா மச்சி, வாய மூடு. ஈ பூந்துடப் போவுது."

என் விரல் வளையத்தின் அடிப்பக்கம் போனது. வழவழவென்று இருந்தது. குறி இல்லை.

அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "அடியில கூட எவனோ வேலையத்தவன் கீறி வெச்சிருந்தான். அதும் மேலயும் பட்டி போட்டு மூடிட்டேன்."

நீங்களாக இருந்தால் நம்பியிருப்பீர்கள். நான் நம்பவில்லை. குறியைக் கண்டுபிடித்துவிட்டான், அதனால்தான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்ன உண்மையையே அவனுக்கு எதிரான சாட்சியாக மாற்றிக்கொண்டேன்!

"சார், இது அந்த ஸ்டீயரிங் இல்ல" என்றேன். "எங்கடா வெச்சிருக்க? எடு!"

ஒட்டி ஒட்டி நிற்கும் லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் காது. தெரு கூடிவிட்டது. கௌதமின் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக என் முன்னால் உதறினார்.

"நல்லா பாத்துக்கோ நைனா. எங்க மாமனாரு சுரங்க கேட்டுல நின்னாரு. நாங்க வூட்டுலயே நிக்கறோம்."

பெட்டியில் ஒன்றுமில்லை. "வித்திருப்பான்" என்றேன். வக்கீலுக்கு எது நிஜம் என்று தெரியவில்லை. இருந்ததை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டறை வேலை எனக்குக் கிடைத்தது.

அடுத்த கோடையில் அதே வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. வெயிலில் நின்று, ஸ்டீயரிங்கின் அடியில் பெயிண்ட் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. சுரண்டினேன். பட்டி செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே... என் பெருக்கல் குறி!

அப்போதும் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? நகலிலும் அதே மாதிரி கீறி வைத்திருப்பானோ என்றுதான்! ஆனால் வால்... நழுவிய கையின் அந்த வால், அதே நீளத்தில், அதே வளைவில் கிடந்தது. அதை யாராலும் பார்த்து வரைய முடியாது.

வக்கீல் முன்னறையில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுத்தேனா? பட்டி குழைத்தேன். மூடினேன். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தேன்.

"ஆயிடுச்சாப்பா?"

"ஆயிடுச்சு சார்."

நான் போட்ட பட்டி மேடு தட்டும். கட்டைவிரல் வைத்தால் இடம் தெரியும். கௌதம் போட்டது தெரியவே தெரியாது.

அவன் இன்று பெங்களூரில் ஒரு கோடவுனில் பார்சல் அடுக்குகிறான். "ஊர்ல திருட்டுக் கேஸ்" என்ற பேச்சு எந்தப் பட்டறையிலும் அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது. ஊரிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் என்னைப் பார்த்தால் இறங்கி வேறு பெட்டிக்கு மாறிவிடுவான். போன வாரம் போன் செய்தேன். "ஒரு வாட்டி பட்டறைக்கு வாடா" என்றேன்.

"இன்னாத்துக்கு? இன்னொரு தபா சோதனை போடவா?"

வைத்துவிட்டான்.

வண்டி மறுபடி பட்டறையில் நிற்கிறது. நேற்று வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ அன்னைக்கும் இவ்வளோ உறுதியாத்தாம்பா சொன்ன" என்றார். பிறகு, ஸ்டீயரிங்கைக் கழற்றி எடுத்துப் போகச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஸ்கெலட்டனுக்குப் போகிறேன். அதே தெருவில், அவன் அம்மா முன்னால் பட்டியைச் சுரண்ட வேண்டும். ஆனால் "இத இப்பதானே கீறின?" என்று யாராவது கேட்டால்? கேட்பார்கள்! மேலே இருப்பது என் பட்டி. உள்ளே இருப்பது என் குறி. சாட்சி சொல்வதும் நான். உங்களுக்கே இப்போது லேசாகச் சந்தேகம் வரவில்லையா?

அதனால் பிளேடை நான் தொடப் போவதில்லை. ஸ்டீயரிங்கை அவன் மடியில் வைத்து, பிளேடை அவன் கையில் நீட்டப் போகிறேன்.

வாங்குவானா...