கூட்டினால் எட்டு வரும் வண்டி

ஆனையூரில் அந்த வீட்டு வாசலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி செல்வி. என் மாமனார். செல்வியின் தம்பி கண்ணன். புரோக்கர் ஜமால் பாய். வண்டிக்காரர். கேட்டுக்கு உள்ளே அவர் வீட்டம்மா. ஒரு பழைய காரைப் பார்க்க இவ்வளவு பேர். ஓமானில், சோஹாரில், ஒர்க்‌ஷாப்பில் பதினொரு வருஷம் இருந்தேன். அங்கே பழைய கார் வாங்க ஒருவன் தனியாக வருவான். ஏ.சி.யைப் போடுவான். முகத்தில் குளிர் அடித்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவான். லீவில் வந்த எனக்கு, சொந்த ஊரில் இந்தக் கூட்டம்தான் புதிதாகத் தெரிந்தது.

இது சும்மா வாங்குகிற வண்டி இல்லை. மஞ்சள் போர்டு. நல்லபடியாக ஓடினால் வாடகைக்கு ஓட்டிக்கொண்டு மதுரையிலேயே இருந்துவிடலாம். கையில் இருந்தது ஒரு வண்டிக்கான காசு. அது காலை வாரினால் மறுபடி சோஹார். இது எனக்கும் செல்விக்கும் மட்டும் தெரியும்.

முதலில் பானட்டில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. காலையிலிருந்து எடுக்காத வண்டி. முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் என்ஜினின் கோளாறு வெளியே தெரியாது.

"என்ன தம்பி, காய்ச்சலா பாக்குற?" என்றார் வண்டிக்காரர்.

சாவியைத் திருப்பினேன். ஒரே முறையில் பிடித்தது. வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் பிடித்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெறும் கரி. கால்மிதியைத் தூக்கி, அடியில் இருந்த விரிப்பை முகர்ந்தேன். வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் அங்கேதான் வாடை நிற்கும்.

"நாங்க நாயெல்லாம் ஏத்துறதில்ல" என்றார் வீட்டம்மா.

மாமனார் நாலு கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்திச் சத்தம் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கும் மனசுக்குள் சரி என்றுதான் பட்டது. அப்போது கண்ணன் நம்பர் பிளேட் முன்னால் குத்தவைத்து விரல் விட்டு எண்ணினான். இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு.

"மச்சான், வேணாம். கூட்டுனா எட்டு."

மாமனார் வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எட்டுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் வண்டிக்காரர். "இதோட ஆறு கூட்டம் வந்துருச்சு. அம்புட்டுப் பேரும் கூட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. பானட்டத் தொட்டது இந்தத் தம்பி மட்டுந்தான்."

கண்ணனை நான் குறை சொல்ல முடியாது. சோஹார் போன புதிதில் என் அர்பாப், அதாவது முதலாளி, ஒரு பழைய பிக்கப்பை வாங்கி வந்தார். நம்பரைக் கூட்டினேன். எட்டு. மனசு கேட்கவில்லை. பிளேட்டைக் காட்டி, தெரிந்த அரபியில், "அர்பாப், தமானியா. நல்லதில்லை" என்றேன். எட்டு சிலிண்டர் என்ஜின் பெட்ரோல் குடிக்கும் என்று நான் எச்சரிப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். "தமானியா இல்லை, சித்தா!", எட்டு இல்லை ஆறு, என்று சிரித்துக்கொண்டே பானட்டைத் திறந்தார். ஒவ்வொரு சிலிண்டராகத் தொட்டு ஆறு வரை எண்ணிக் காட்டினார். என் அக்கறைக்கு ஒரு லபான், அவர்கள் ஊர் மோர், வாங்கித் தந்தார். அந்தப் பிக்கப்பை ஏழு வருஷம் நான்தான் ஓட்டினேன். மணல், வெயில், எதற்கும் நின்றதில்லை. இதையெல்லாம் வாசலில் நின்று சொல்லத் தோன்றவில்லை. எனக்குப் பேச்சு வராது.

ஜமால் பாய் எங்களைக் காளவாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வண்டி. பளபளவென்று இருந்தது. உள்ளே மல்லிகை சென்ட் வாசம்.

"ஒம்பது மச்சான்! ஒம்பது!" என்று கத்தினான் கண்ணன். மாமனார் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டார்.

பானட்டைத் தொட்டேன். சுட்டது. விரிப்பைத் தூக்கினேன். சீட்டுக் கம்பியில் காய்ந்த சேறு. விரலில் எடுத்து மாமனாரிடம் காட்டினேன்.

"முங்கினதா மாப்ள?"

"முங்குனதுதான் மாமா."

"லேசா நனைஞ்சிருக்கும் தம்பி" என்றார் ஜமால் பாய், என்னைப் பார்க்காமல்.

"இருந்தாலும் ஒம்பதுல்ல?" என்றான் கண்ணன்.

அதுவரை செல்வி வாயைத் திறக்கவில்லை. இப்போது தம்பி பக்கம் திரும்பினாள். "நான் பொறந்தது எந்தத் தேதிடா?"

"பதினேழு."

"கூட்டு."

கூட்டினான். விரல் எட்டில் நின்றது.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம். அதுல முக்காவாசி நாள் இவரு என்னைய நிப்பாட்டி வச்சுட்டுத்தானே போனாரு? வந்து எடுத்ததும் ஸ்டார்ட் ஆகலயா?"

மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. ஜமால் பாய் தண்ணீர் வாங்க ஓடினார். நான் ஆட்டோ பிடித்தேன், திரும்ப ஆனையூருக்கு.

பேப்பர் எல்லாம் என் பெயருக்கு மாறிய அன்று அர்பாபுக்கு போன் செய்து, வரவில்லை என்றேன். அவரோ, உன் கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

முதல் சவாரி டி. கல்லுப்பட்டிக்கு. பின் சீட்டில் ஒரு அக்கா. வண்டி வெண்ணெயாகப் போனது. காளவாசலில் திரும்பும்போது இன்டிகேட்டர் போட்டேன். வெயிலில் வைப்பர் ஆடியது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், இன்டிகேட்டரும் இடது கைக்கு. இங்கே இடது கைக்கு வைப்பர்.

"மழ வருதா தம்பி?"

"இல்லக்கா."

"பெறகு எதுக்கு அத ஆட்டுற? வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்ல வண்டிக்கா. கைதான் இன்னும் ஊரு வந்து சேரல."

அடுத்த திருப்பத்திலும் ஆடியது. அக்கா வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். கல்லுப்பட்டியில் இறங்கும்போது கணக்கைச் சொன்னார்.

பதினான்கு.