மண்நிறத் திரை

எங்கள் வாசிகசாலையின் மேற்குப் பக்க யன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். படித்தவர்கள் அதை வாவி என்பார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பிற்பகலில் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் யன்னலால் உள்ளே வந்து சுவரில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். மேசையிலிருந்த கம்பியூட்டர் திரைகளிலும் அது ஆடும். அவை அணைந்து கிடக்கும்போதுகூட உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தே பல நாட்களைக் கழித்திருக்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு கட்டிய வாசிகசாலை அது. நிவாரணத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டு அமைப்பு கட்டித் தந்தது. போகும்போது தாங்கள் பாவித்த மூன்று கம்பியூட்டர்களையும் ஒரு பிரிண்டரையும் விட்டுவிட்டுப் போனார்கள். நான் அதற்கு முன் ஆற்றில் வீச்சுவலை எறிந்தவன். கடல் வந்த அன்று ஒரு கதவு வந்து அடித்ததில் வலது தோள் இறங்கிப்போனது. பிறகு வலை எறிய முடியவில்லை. வாசிகசாலையைத் திறந்து, கூட்டி, பத்திரிகைகளை அடுக்கி, மாலையில் பூட்டுகிற வேலையை ஊர்ச் சங்கம் எனக்குத் தந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழில் எதைத் தந்தாலும் வாசிப்பேன். ஆட்களோடு கதைப்பதுதான் எனக்குச் சிரமம். யாராவது உள்ளே வந்தால் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

கம்பியூட்டர்களில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. போட்டு நிறுத்த மட்டும்தான் எனக்குத் தெரியும். ஊர்ப் பெடியன்கள் வந்து கார் ஓட்டி விளையாடுவார்கள். அவர்கள் கொண்டுவந்து செருகியவற்றிலிருந்து வைரஸ் ஏறி, இரண்டு கம்பியூட்டர்கள் செத்துப்போயின. மூன்றாவது நோயாளிபோல இழுத்துக்கொண்டு கிடந்தது.

சண்டை முடிந்த வருடம் அது. களுதாவளைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். பத்திரிகையைத் தூக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அண்ணன், இஞ்ச டைப் அடிச்சித் தருவாங்களாமே?"

அவருடைய தம்பி கூலி வேலைக்கென்று வன்னிக்குப் போனவன். சண்டை மூண்டு பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். இங்கே மற்ற எல்லோரையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அவன் ஒருவன்தான் என்றார். வவுனியாவில் ஒரு முகாமில் அவனைப் போன்ற ஒருவனைக் கண்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். எந்த முகாம் என்று தெரியவில்லை. ஆட்களை முகாம் மாற்றப்போகிறார்கள் என்றும் ஒரு கதை இருந்தது. அதற்கு முன்னர் எல்லா இடத்துக்கும் கடிதம் போக வேண்டும். கையால் எழுதிக் கொண்டுபோனதை அரசாங்க அலுவலகமான கச்சேரியில் திருப்பிக் கொடுத்து, டைப் பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் நிற்கிற ஆளிடம் இல்லை என்று சொல்வது எனக்கு எப்போதும் வராது. "ஓம்" என்று வந்துவிட்டது.

அடுத்த நாள் போன் திருத்துகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். கம்பியூட்டரும் பார்ப்பவர். பகல் சோறு கட்டுகிற தாளில் சுற்றி மூன்று சீடி கொண்டுவந்தார். "இது லினக்ஸ் அண்ணன், கம்பியூட்டர ஓட்டுற வேறொரு சிஸ்டம். வைரஸ் கிட்டவும் வராது. ஒரு சதமும் இல்ல, சும்மா" என்றார்.

அந்நேரம் சங்கத் தலைவர் பத்திரிகை பார்க்க வந்திருந்தார். சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சும்மா குடுத்த படகு ரெண்டு எங்கிட்டக் கிடக்கு. வேணுமெண்டா நீங்களும் கொண்டு போங்க தம்பி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடல் வந்த பிறகு எங்களுக்குச் சும்மா வந்த பொருட்கள் கொஞ்சமல்ல. குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள் வந்தன. முழங்கால் தண்ணீரில் கம்பு ஊன்றித் தோணி தாங்குகிற எங்களுக்கு, ஆழ்கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் படகுகள் வந்தன. ஆற்றில் இறக்கினால் அடி சேற்றில் புதைந்துவிடும். இரண்டு படகுகள் இன்றும் கரையில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. சும்மா தருகிறவன் எங்கள் ஆற்றின் ஆழம் பார்த்துத் தருவதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விசயம்.

"அந்தப் படக வெட்டி ஒட்ட உங்களுக்கு ஏலுமா ஐயா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. "ஏலா. இத ஏலும். செஞ்ச முறையையும் சேத்துத்தான் தாறானுகள். பிடிக்காத பலகையக் கழட்டிப்போட்டு வேற பலக அடிக்கலாம்."

"ஆரு அடிக்கிற? நீங்களா?"

"எவனாவது அடிப்பான் ஐயா. உலகத்தில வேல இல்லாதவன் கனபேர் இரிக்கான்."

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. செத்த கம்பியூட்டரில்தானே, போட்டுப் பார்க்கட்டும் என்றார்.

முதல் சீடி ஏறியது. ஆனால் தமிழ் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் சிறுசிறு பெட்டிகள் வந்து நின்றன. இரண்டாவதைப் போட்டபோது திரை முழுக்கக் கறுப்பு. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது. எனக்கும் அதற்கும் ஒரே குணம். மற்றவர் முதலில் கதைக்கட்டும் என்று இருவருமே இருந்தோம். அரை மணித்தியாலம் அப்படிப் போனது.

மூன்றாவது, ஒரு சின்ன மேளச் சத்தத்தோடு எழும்பியது. திரை முழுவதும் மண் நிறம். மாரி கழிந்து தண்ணீர் வற்றும்போது கரையில் தெரிகிற ஈரச் சேற்றின் நிறம். அந்தத் தம்பி எங்கெங்கோ அழுத்தினார், நிறுத்தி மறுபடியும் போட்டார். மேல் ஓரத்தில் தமிழில் சொற்கள் வந்தன. "இடங்கள்" என்று ஒரு சொல் இருந்தது. நானே எலியைப் பிடித்து அதை அழுத்தினேன். கீழே ஒரு வரிசை இறங்கியது. அதில் முதலாவதாக "இல்லம்" என்று இருந்தது.

மற்ற இரண்டிலும் அதையே ஏற்றிவிட்டு அவர் போன பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திற, மூடு, சேமி, வெளியேறு. கூச்சமில்லாத ஆட்கள் கதைப்பதுபோல, ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் முடிந்தது. இதை யார் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கோ ஒரு ஊரில் ஒருவர், யாரும் கேட்காமல், கூலி வாங்காமல், "சேமி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். யன்னலால் வந்த ஆற்று வெளிச்சம் அந்தச் சொற்களின் மேல் அசைந்தது. நான் எழுந்து பூட்ட மறந்துவிட்டேன். தலைவர்தான் வந்து, "என்ன, இண்டைக்கு இஞ்சதான் படுக்கையா?" என்று கேட்டார்.

விசைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் இருந்தன. எந்த விசையில் எது வரும் என்று சீடி கொண்டுவந்த தம்பி எழுதித் தந்ததைப் பார்த்து, பழைய பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து தமிழ் எழுத்துகளை வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். இரண்டு நாளில் எறும்பு வந்து பசையோடு எழுத்துகளையும் அரித்துவிட்டது. அடுத்த முறை பசையில் வேப்பெண்ணெய் கலந்தேன். வாசிகசாலை ஒரு கிழமைக்குக் கசப்பாக மணத்தது.

அந்தப் பெண் வந்தார். "என்ன அண்ணன், இஞ்ச வைத்தியசாலயா வெச்சிருக்கீங்க?" என்று மூக்கைப் பொத்தினார். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன். அவர் தம்பியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எது கச்சேரிக்குத் தேவை, எது தேவையில்லை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லக் கூச்சம். எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று பிற்பகல்கள் ஆகின. எழுதியது போய்விடுமோ என்று மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் பூட்டுவேன். எழுத்து ஒவ்வொன்றாக மண்நிறத்தின் மேல் வெள்ளைத் தாளில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே நீர்க்காகம் கத்தும். அவர் குரல் சில இடங்களில் நின்றுபோகும். அப்போது நான் அடுத்த எழுத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

மூன்றாம் நாள் கடிதம் முடிகிற நேரம், கல்முனை றோட்டில் ஒரு கனமான வாகனத்தின் சத்தம் கேட்டது.

சண்டைக் காலத்தில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்படியொரு சத்தம் கேட்டால் கை தானாகப் போய் றேடியோவை நிறுத்தும், விளக்கை அணைக்கும். ஒலியோ ஒளியோ வருகிற எதையும் விட்டுவைக்காது. சண்டை முடிந்துவிட்டது என்று மனதுக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சுவரிலிருந்த சுவிச்சுக்குக் கை நீட்டினேன். எனக்கு முன்னரே அவருடைய கை அங்கே இருந்தது. இருவருமாகச் சேர்ந்துதான் அதை அமத்தினோம்.

திரை கறுத்தது. வாகனம் நெல் ஏற்றிய லொறி. சாவகாசமாகக் கடந்து போனது.

"அண்ணன்," என்றார் அவர் மெல்ல. "நாம என்ன செஞ்ச?"

சேமி என்ற சொல்லை அவ்வளவு ரசித்த நான், மூன்று நாளில் ஒரு தடவைகூட அதை அழுத்தியிருக்கவில்லை. வேலை முடிந்த பிறகு அழுத்துகிற சொல் என்று நினைத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை ஆட்களை மாற்றுகிறார்களாம் என்று அன்று வந்ததும் சொல்லியிருந்தார்.

சுவிச்சைப் போட்டேன். மேளச் சத்தம். மண் நிறம். எழுதுகிற இடத்தை மறுபடி திறந்தபோது, ஒரு சிறு பெட்டி வந்து நடுவில் நின்றது. நான் அதைச் சத்தமாக வாசித்தேன். முன்பு மூடாமல் விட்ட கோப்பு ஒன்று இருக்கிறது, அதை மீட்கலாமா என்று கேட்டது.

"என்னவாம்?"

"திருப்பித் தரட்டாமாம்."

"ஓமெண்டு சொல்லுங்க! என்னத்தப் பாத்துக்கொண்டிரிக்கீங்க, ஓமெண்டு சொல்லுங்க!"

கடிதம் வந்தது. கடைசி இரண்டு வரிகள் மட்டும் இல்லை. அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாரோ அழுதாரோ, நான் பார்க்கவில்லை. நான் சேமி என்பதை ஐந்தாறு தடவை அழுத்திக்கொண்டிருந்தேன். அன்றே எல்லா இடத்துக்கும் படி எடுத்தோம். திங்கட்கிழமைக்கு முன்னர் அவர் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சிலதைக் கையிலே கொடுத்தார். மற்றவற்றைத் தபாலில் போட்டார்.

பதில் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் வருவார். அதே கடிதத்தைத் திறந்து, மேலே உள்ள விலாசத்தை மாற்றி, மறுகா அனுப்புவோம்.

அந்த நேரத்தில் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பெடியன்களுக்குக் கார் விளையாட்டு இல்லையாம். டவுனில் ஒருவன் பழைய சிஸ்டத்தையே எல்லாவற்றிலும் போட்டுத் தருவானாம். கூட்டங்களில் நான் தேத்தண்ணி கொடுப்பவன். அன்றும் தட்டோடுதான் நின்றேன்.

"அத எடுக்க வேணாம்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று தெரியச் சற்று நேரம் சென்றது. "அதிலதான் அந்தத் தங்கச்சிட கடிதம் இரிக்கு. ஆள் கிடைக்கும் வர எழுதவேணும். அதிலதான் எனக்கு எழுத ஏலும். மத்ததில எனக்கு ஏலா."

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தா, இவனுக்கு வாயும் இரிக்கு! நான் இவ்வளவு நாளும் தேத்தண்ணி மட்டும்தானெண்டு நெனச்சன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டிலிருந்த கோப்பைகளை ஒவ்வொருவருக்கும் நீட்டினேன். கடைசியில் மூன்றிலும் மண்நிறமே இருக்கட்டும், விளையாட்டுக்கு அதிலேயே ஏதாவது தேடலாம் என்று முடிவானது. சீட்டு விளையாட்டு ஒன்று இருந்தது. அதைப் பெடியன்களைவிட அதிகம் விளையாடியவர் தலைவர்தான்.

மாரி தொடங்கி ஆறு நிறைந்திருந்த ஒரு பிற்பகல், அந்தப் பெண் குடையில்லாமல் நனைந்து வந்தார். பின்னால் ஒரு மெலிந்த மனிதன், தலையைக் குனிந்தபடி. எனக்கு யாரென்று கேட்கத் தேவை இருக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன். அவன் விளிம்பில் இருந்தான். வீட்டுக்கு வந்து நாலு நாளாம், ஒரு வார்த்தை கதைக்கவில்லையாம்.

"அண்ணன், அந்தக் கடிதத்த இவனுக்குக் காட்டுங்க."

திறந்து கொடுத்தேன். அவன் உதடு அசையாமல் வாசித்துக்கொண்டே போனான். தகப்பன் பெயர், பிறந்த இடம், காலில் உள்ள வடு. பிறகு ஓரிடத்தில் நின்றான். திரைக்குக் கிட்டக் குனிந்து மறுபடி வாசித்தான். காது சிவந்தது.

"நான் நித்திரையில பாடுறெண்டு ஆரு எழுதச் சொன்ன?"

"நான்தான். நீ பாடுறதானே."

"எப்ப பாடின?"

"எல்லா நாளும். நேத்தும் பாடின."

"அதுக்குத்தான்!" அவன் கதிரையில் நிமிர்ந்துவிட்டான். "அந்த முகாமில ஒரு ஒபிசர் கடதாசி ஒண்ட வெச்சிக்கொண்டு வரிச வரிசயாக் கேட்டுக்கொண்டு வந்தான், இஞ்ச நித்திரையில பாடுறவன் ஆரு, நித்திரையில பாடுறவன் ஆரெண்டு. நாலு கொட்டில் ஆக்களும் ஒண்டாச் சேந்து என்னக் காட்டினானுகள். அவ்வளவு பேருக்கும் முன்னால!"

"கண்டுபுடிச்சிட்டாங்கதானே."

"மானம் போச்சிகா! அண்ணன், அத அழியுங்க."

"அழிக்க வேணாம் அண்ணன்."

"அழியுங்க எண்டன்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் பார்த்தேன். மழை யன்னலில் தெறித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து அதைச் சாத்தினேன்.

"ரெண்டு பேரும் விறாந்தைக்குப் போய்க் கதைச்சு முடிச்சிட்டு வாங்க," என்றேன். "நான் தேத்தண்ணி வெக்கிறன்."

அவர்கள் போனார்கள். தண்ணீர் கொதிக்கும்வரை விறாந்தையில் சண்டை கேட்டுக்கொண்டிருந்தது. அவன்தான் அதிகம் கதைத்தான்.