நிலாவரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்

நிலவுருவங்களைக் காட்டும் ஒளிப்படத்தில் அளவுக்கு ஒரு பொருள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாறை எவ்வளவு பெரியது, குழி எவ்வளவு அகலமானது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சிலர் சுத்தியலை வைப்பார்கள். நான் என் குடையை வைப்பேன். மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. கீரிமலைக் கரையின் அரிபட்ட பாறையிலும், மணற்காட்டு மணற்குன்றின் சரிவிலும், அடியில்லாதது, வற்றாதது என்று ஊர் சொல்லும் நிலாவரைக் கிணற்றின் படியிலும் அந்தக் குடை கிடக்கும்.

ஒவ்வொரு வருடமும் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிக் குடாநாட்டின் நிலத்தைக் காட்டுவது என் வழக்கம். பெருந்தொற்றில் பள்ளிக்கூடம் மூடியபோது அந்தப் பயணமும் நின்றது. அதற்குப் பதிலாக மடிக்கணினியில் ஒரு களப்பயணத்தைத் தயாரித்தேன். பழைய படங்களை பஸ் போகும் வரிசையிலேயே அடுக்கினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் வடக்குத் திசையைக் குறித்தேன். ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போகும் வழியைச் செய்மதிப் படத்தில் கோடாக இழுத்தேன். பாட நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் பார்த்தார்கள், பாடங்கள் மடிக்கணினியில் பதிவுமாகின. முதல் நாளே ஒருத்தி, “ரீச்சற்றை குடை எங்களைவிட நிறைய இடம் பாத்திட்டுது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் இருப்பது தெல்லிப்பழைக்கு வடக்கே, கடலுக்குச் சற்று இப்பால், என் பெற்றோர் விட்டுப்போன வீட்டில். தனியாகத்தான். பக்கத்து வளவில் அண்ணையும் மச்சாளும் அவர்களுடைய மகளும். மகள் என் வகுப்பில்தான் படித்தாள். இரண்டு வளவுக்கும் பொதுவாக எல்லையில் ஒரு கிணறு. வேலியில் ஒரு பொட்டு உண்டு. ஆள் புகுந்து போகும் அந்த இடைவெளி வழியாகத்தான் கறியும் கதையும் போய்வரும்.

போரில் இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு வீட்டுக்கும் கூரை இல்லை. அண்ணை கூரையைப் பார்க்கவில்லை, முதலில் கிணற்றை இறைத்தார். உள்ளே கிடந்த ஓடு, கல், துருப்பிடித்த சைக்கிள், உக்கிய ஓலை எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். சேற்றை அள்ளினார். சுண்ணக்கல்லில் அடைபட்டிருந்த ஊற்றுக் கண்களைக் கையாலேயே துடைத்துத் திறந்தார். தண்ணீர் தெளிய இரண்டு நாள் காத்திருந்து, ஒரு பேணியில் அள்ளிக் குடித்துவிட்டு, “இனி இருக்கலாம்” என்றார். பிறகுதான் கூரை போட்டோம்.

அது நல்ல தண்ணிக் கிணறு. சுற்றுவட்டாரத்தில் தேநீருக்கென்று எங்கள் கிணற்றில் வந்து அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். அண்ணையின் தோட்டம் முழுவதும் அதில்தான் நின்றது. வெங்காயம், பீற்றூட், பயிற்றங்காய். எங்கள் தேவாலயத்தில் அறுவடை விழா நடக்கும்போது ஏலத்துக்கு முதலில் எடுப்பது அவருடைய வெங்காயப் பிடியைத்தான். அவர் கடைசி வரிசை வாங்கில் இருந்துகொண்டு, யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காதவர்போலப் பார்ப்பார்.

பள்ளிக்கூடம் மூடியிருந்த அந்த வருடம் கோடை நீண்டது. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியது. வாட்டர் பம் காற்றை இழுத்து இருமத் தொடங்கியது. ஒரு பின்னேரம் அண்ணை பொட்டால் வந்தார்.

“கிணத்துக்கை ஒரு துளை போடப்போறன். கீழை குழாய் இறக்கினாத் தண்ணி வரும்.”

“வேண்டாம் அண்ணை. எங்கடை நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது. மேலை இருக்கிறது கொஞ்சம்தான். அதுக்குக் கீழை கடல்.”

“கீழை ஆறு ஓடுது எண்டு அப்பு சொன்னவர். நிலாவரை வத்தினதை ஆராவது கண்டவையோ?”

“நிலாவரையிலையும் அடியிலை உப்புத்தான்.”

“அடியிலை போய்க் குடிச்சுப் பாத்தவை ஆர்?”

பின்னால் வந்துநின்ற மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நிலத்தில் ஒரு படம் கீறிக் காட்டினேன். மேலே வில்லை வடிவில் நன்னீர், கீழே கடல்நீர். அண்ணை குனிந்து கவனமாகப் பார்த்தார். “சரி சரி, செய்யேல்லை, விடு” என்றார். நான் நம்பினேன். அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை.

அடுத்த கிழமை எங்கள் களப்பயணத்தில் நிலாவரை வந்தது. காகமும் வெயிலும் உள்ளே வராமல் அறையைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிகருவியை மாட்டியிருந்தேன். திரை முழுவதும் கிணற்றின் படம். பச்சைக் கறுப்பான தண்ணீர், இறங்கிப் போகும் படிகள், படியில் என் குடை.

“ரீச்சர், அதுக்குள்ளை தேசிக்காய் போட்டா நிலத்துக்குக் கீழாலை போய்க் கீரிமலையிலை மிதக்குமாமே?”

“நீர் போட்டுப் பாத்தனீரோ?”

“தேசிக்காய் விக்கிற விலைக்கோ, ரீச்சர்!”

அந்தச் சிரிப்புக்கிடையில்தான் சத்தம் கேட்டது. கல்லை இரும்பு அரைக்கும் சத்தம்.

“ரீச்சர், ஆரோ வீட்டிலை கல்லுடைக்கினம்.”

“எங்கடை வீடில்லை.”

“எங்கடையும் இல்லை.”

“ஆரின்ரை வீடெண்டாலும் பரவாயில்லை. எல்லாரும் மைக்கை நிப்பாட்டுங்கோ.”

ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சத்தம் பெரும்பாலும் அடங்கியது. எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் கொஞ்சம் மிச்சமிருந்தது. பெருந்தெருவில் வேலை நடக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பாறையின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் போட்டேன். சுண்ணக்கல் மழைநீரில் கரைவதையும், அதனால் அதனுள் குழிகளும் குகைகளும் உண்டாவதையும், அவற்றில் மழைநீர் இறங்கிக் கடல்நீருக்கு மேலே தங்குவதையும் சொன்னேன். அளவுக்கு மீறி இறைத்தாலோ, ஆழத்துக்குத் துளைத்தாலோ உப்பு மேலே ஏறும், ஏறிய உப்பு இலேசில் இறங்காது என்று சொல்லி, அதைப் பிள்ளைகளைக் கொப்பியில் எழுதவும் வைத்தேன்.

பாடம் முடிந்து ஒலிகருவியைக் கழற்றியதும் வேலிக்கு அப்பாலிருந்து அண்ணையின் குரல் கேட்டது.

“தங்கச்சி, ஓடி வா! தண்ணி பொங்குது!”

கிணற்றடியில் ஒரு லொறி நின்றது. துளையிட வந்த இளந்தாரிகள் வழிந்தோடும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். கல்மா கலந்து தண்ணீர் பால்போல் வந்துகொண்டிருந்தது. அண்ணை தெளிந்த பக்கமாக ஒரு பேணி அள்ளி என்னிடம் நீட்டினார்.

“அடியிலை போய்க் குடிச்சுப் பாத்தாச்சு, ரீச்சர்! இப்ப என்ன சொல்லுறியள்?”

குடித்தேன். நல்ல தண்ணீர்தான். பேணியைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணையின் மகள் குசினிக் கதவோடு நின்றாள். கழுத்தில் இன்னும் ஒலிகருவி தொங்கியது.

மறுநாள் அவளைக் கேட்டேன்.

“உனக்குத் தெரிஞ்சதோ?”

“ஓம் மாமி. உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர் அப்பா. பாடம் நடக்கேக்கை எனக்குச் சொல்லோணும் போலைதான் இருந்தது. நீங்கள் மைக்கை நிப்பாட்டச் சொன்னீங்கள். நிப்பாட்டினன்.”

அவளைக் கோபிக்க எனக்கு வரவில்லை. சொன்னதைச் செய்த பிள்ளை. நான் அந்த நேரம் எழும்பிக் கதவைத் திறந்திருந்தாலும் பாறையில் இரும்பு ஏற்கெனவே இறங்கியிருந்தது. இதை நான் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறையும் அது உதவவில்லை.

வாட்டர் பம் இருமாமல் ஓடியது. அண்ணை இன்னொரு துண்டு நிலத்தையும் கொத்தி வெங்காயம் நட்டார். எனக்கு முதலில் தெரிந்தது சவர்க்காரத்தில்தான். நுரை வரவில்லை. பிறகு பருப்பு அவிய நேரம் எடுத்தது. கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிந்தது. தேநீரில் ஏதோ சரியில்லை என்று நினைத்துத் தேயிலையை மாற்றினேன். அண்ணையிடம் சொன்னபோது, “வெயிலுக்கு அப்பிடித்தான், மாரியோடை சரிவரும்” என்றார். வெங்காயத் தாளின் நுனிகள் கருகியபோதும் வெயிலென்றார். வாழையிலையின் ஓரம் கருகியது. தொட்டியின் சீமெந்தில் உப்புப் பூத்தது. தேநீருக்குத் தண்ணீர் அள்ள வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வராமல் விட்டார்கள். ஏனென்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஒரு காலை அண்ணை கிணற்றுக்கட்டில் நின்று உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, வாயில் விட்டு, துப்புவதைக் கண்டேன். மீண்டும் ஏந்தி, மீண்டும் துப்பினார். பிறகு ஒவ்வொரு நாளும் அதைச் செய்தார்.

துளையை அடைக்கலாம் என்று நான் சொன்னேன். குழாயை இழுத்தெடுத்து, களிமண்ணை உருட்டி இறக்கி, அதன்மேல் சீமெந்து போட்டோம். அண்ணைதான் உள்ளே இறங்கினார். வெளியே வந்தபோது முழங்கை இரண்டும் உரிந்திருந்தன. சில நாட்கள் பொறுத்துப் பார்த்தோம். உப்புச் சவர் போகவில்லை. கரைந்து கரைந்து கடற்பஞ்சுபோல் ஓட்டை விழுந்த கல் அது. ஒரு வழியை அடைத்தால் உப்பு மறுவழியால் வரும். அதையும் நான் அந்தப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன், குடை வைத்த கீரிமலைப் பாறையைக் காட்டி.

மாரி பெய்தது. மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. வாயில் விட்டால் இனித்தது. அண்ணையின் முகம் மாறியது. பீற்றூட் விதை வாங்கிவந்தார். வாட்டர் பம்மைப் போட்டதும் முதலில் நல்ல தண்ணீர் வந்தது, பிறகு பழைய சவர்.

அந்த வருட அறுவடை விழாவுக்கு அவர் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு போனார். ஏலம் கூறியவர் வழக்கப்படி அதை முதலில் தூக்கி, “எங்கடை அண்ணையின்ரை தோட்டத்துப் பூசணி” என்று கூவினார். அண்ணை திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. நல்ல விலைக்குப் போனது. வீட்டுக்கு வந்து, பொட்டடியில் நின்று அவர் கேட்டார்.

“படிச்ச ஆள், உள்ளதைச் சொல்லு. கிணறு திரும்பி வருமோ?”

அதுவரை அவர் கேட்டபோதெல்லாம் “பாப்பம் அண்ணை” என்றே சொல்லிவந்தேன். அன்று அப்படிச் சொல்ல முடியவில்லை.

“எங்கடை காலத்திலை வராது அண்ணை.”

அவர் தலையை ஆட்டினார். “நிலாவரை மாதிரி எண்டு நினைச்சன்” என்றார்.

“நிலாவரை மாதிரித்தான்” என்றேன். அவரை நோகடிக்கச் சொல்லவில்லை. அது சரியான விடை. ஆனால் சொல்லியிருக்கத் தேவையில்லை.

இப்போது குடிக்கிற தண்ணீரைச் சந்தியில் உள்ள தாங்கியிலிருந்து பிளாஸ்ரிக் கானில் பிடித்து வருகிறோம். கிணற்றடிக்கு வந்து அள்ளியவர்களும் அங்கே வரிசையில் நிற்பார்கள், எங்களைக் கண்டால் முன்னால் விடுவார்கள். அது எனக்குப் பெரிய கஷ்டம். தோட்டம் தரிசாகக் கிடக்கிறது. அண்ணை வேறொருவருடைய தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். அந்தத் தோட்டக்காரரும் தன் கிணற்றில் துளை போட யோசிக்கிறாராம். “நீங்கள் சொன்னனீங்களோ?” என்று கேட்டேன். “சொன்னனான். எங்கடை கிணறு வேறை, தன்ரை கிணறு வேறையாம்” என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த பின்னும் பயணம் தொடங்கவில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில் பஸ் கிடைக்கவில்லை, பிறகு பஸ் கூலி கட்டுப்படியாகவில்லை. போன மாதம் வலயக் கல்வி அலுவலகத்தில் என் களப்பயணத்தின் பதிவைக் கேட்டார்கள், பஸ் பிடிக்க முடியாத மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுப்பதற்காக. அனுப்பமுன் ஒழுங்காக்கவேண்டுமென்று அண்ணையின் மகளைக் கூப்பிட்டேன். அவள் என் மேசையில் பதிவை ஓடவிட்டாள். கானிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடிக்க வந்த அண்ணை, பேணியும் கையுமாக எங்கள் பின்னால் நின்று பார்த்தார்.

நிலாவரை வந்தது. தேசிக்காய்ப் பகிடி வந்தது. அண்ணையும் மெல்லச் சிரித்தார். அதன்பின் அந்தச் சத்தம், நான் அன்று கேட்டதைவிடத் தெளிவாக. சத்தம் யாரிடமிருந்து வருகிறதென்று காட்டும் மஞ்சள் கோடு திரையில் மகளின் பெட்டியைச் சுற்றி மின்னியது. அடுத்த கணம் என் பெட்டியைச் சுற்றியும் மின்னியது. ஒரே சத்தம் இரண்டு வீட்டாலும் வந்திருக்கிறது. பிறகு என் குரல், எல்லோரையும் நிறுத்தச் சொல்லி. அதன் பிறகும் மெதுவாக அரைத்துக்கொண்டேயிருந்தது, துளைத்தால் உப்பு ஏறுமென்று நான் விளங்கப்படுத்துவதற்குக் கீழே.

அண்ணை பேணியை மேசையில் வைத்தார்.

“இது அண்டைக்கோ?”

“ஓம் அப்பா.”

பதிவு தன்பாட்டில் ஓடியது. ஏறிய உப்பு இலேசில் இறங்காது, எழுதிக்கொள்ளுங்கோ, என்றது.

மகள் என்னைப் பார்த்தாள். “மாமி, அந்தச் சத்தத்தை வெட்டலாம். வெட்டட்டோ?”

நான் அண்ணையைப் பார்த்தேன்.

“என்னை ஏன் கேக்கிறியள்? வெட்டினாத் தண்ணி நல்லாய் வருமோ?” என்றுவிட்டு அவர் வெளியே போனார். பொட்டால் வளவுக்குப் போகாமல் கிணற்றடியில் நின்றார். குனிந்து கையில் தண்ணீர் ஏந்தவில்லை. சும்மா நின்றார்.

பாடத்தில் இரைச்சல் இருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு விளங்காது. “வெட்டு” என்றேன். அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஒருமுறை முழுவதும் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினேன். நிலாவரைப் பகுதியில் இப்போது என் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை.