முதல் பழம் பிள்ளையாருக்கு

ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் நிற்கும் சேர்விஸ்பெரி என்ற சிறுபழச் செடி என் மனைவியுடையது. மூன்று வருடங்களுக்கு முன் அவள் அதை வாங்கி வந்தபோது, பூசணிக்கு வைத்திருந்த இடத்தை ஏதோ காட்டுச்செடி பிடித்துக்கொண்டது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் என்னைக் கணக்கெடுக்கவில்லை. அடியில் ஸ்ட்ரோபெரியைப் படரவிட்டாள், மண் காயாதாம். சுற்றிவர சைவ்ஸ் நட்டாள், அந்த வெங்காய வாசத்துக்குப் பூச்சி அண்டாதாம். நான் என் பங்குக்கு ஒரு பாவல் கொடியை ஊன்றினேன். பந்தல் போடாமல் செடியிலேயே ஏற்றிவிடலாம் என்ற கெட்டித்தனம். ஆடி மாதம் கொடி செடியின் கழுத்தை நெரித்தது. அவள் கத்தரிக்கோலோடு இறங்கி ஒரு முழுக் காலையும் நின்று அறுத்தெடுத்தாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் எனக்குத் தடை.

இந்த ஆனியில்தான் முதல்முறையாகக் காய்த்தது. பச்சை சிவப்பாகி, சிவப்பு ஊதாவாகியது. திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் அவள் ஒரு கோப்பையோடு செடியடிக்கு வந்தாள். எனக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது.

"முதல் பழமப்பா. பிள்ளையாருக்கு வைக்காமல் வாயில வைக்கிறதோ? வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவம்."

"ஒண்டே ஒண்டு திண்டு பாக்கிறன்."

"ஒண்டும் வேண்டாம்."

மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியவள் வெறும் கோப்பையோடு உள்ளே போனாள். எனக்கோ வீட்டில் ஒரு ஒழுங்கை நிலைநாட்டிய பெருமை.

அவளுடைய பஸ் போனதும் செடியடிக்குப் போனேன். பழுத்துவிட்டதா என்று பார்க்கத்தான். அதைப் பார்ப்பதற்கு வாய் வேண்டியிருந்தது. செவ்வாயும் பார்த்தேன், புதனும் பார்த்தேன். பிள்ளையாருக்குப் புளித்த பழத்தைக் கொடுக்க முடியுமா?

வியாழன் பின்னேரம் வேலையால் வந்து இருவரும் பின்வளவுக்குப் போனோம். ரொபின் குருவிகள் ஒரு பழம் மிச்சம் வைக்காமல் முடித்திருந்தன. அவள் கிளை கிளையாக விலக்கித் தேடினாள். ஸ்ட்ரோபெரி இலைகளுக்கு அடியிலும் தேடினாள்.

"எப்பிடித்தான் இருந்திருக்குமோ," என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பெரிசா ஒண்டுமில்லையப்பா. புளூபெரி மாதிரித்தான். கடைசியில விதை கடிபடேக்கை கொஞ்சம் பாதாம் வாசம் வரும்."

அவள் கையிலிருந்த கிளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கேயாவது போய் ஒளியவேண்டும் போலிருந்தது. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படிக்கட்டில் போய் இருந்தாள்.

"சரி, வடிவாச் சொல்லுங்கோ," என்றாள். "தோல் கடிபடுறதில இருந்து சொல்லுங்கோ."

பக்கத்தில் இருந்து சொன்னேன்.