லேபிள் கட்டிய வெள்ளரிக்காய்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து திருத்தங்கலுக்கு மருமகளாக வந்தேன். புகுந்த வீட்டில் அச்சகம் வைத்திருந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரே ஒரு வழக்கம் என் உயிரை வாங்கியது: மாமனார் முன்னால் மருமகள் பேசக் கூடாது. அவர் கூடத்துக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால். எதுவானாலும் அத்தையிடம் சொல்ல வேண்டும், அத்தை அவரிடம் சொல்வார். எனக்கோ தூக்கத்தில்கூட வாய் ஓயாது! எட்டு மாதம் எப்படித்தான் தாக்குப் பிடித்தேனோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீடு போனபோது அம்மா பத்து வெள்ளரி விதைகளை என் முந்தானையில் முடிந்தாள். எங்கள் வீட்டு வெள்ளரி சந்தையில் கிடைக்காது. இளம்பச்சையில் வெள்ளை வரி ஓடி, குண்டு குண்டாகக் காய்க்கும். வில்லை வில்லையாக நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினால், அடடா, துளிக் கசப்பு இருக்காது! அந்த வருஷம் அங்கே கிணறு வற்றிக் கொடியெல்லாம் கருகிவிட்டது. "மிச்சம் இருக்கது இம்புட்டுத்தாம்மா. அங்கன போட்டு, ஒரு காய விதைக்கு விட்டு எனக்கும் குடு" என்றாள்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற கொல்லைப்புறத்தில் விதைகளை ஊன்றினேன். ஐந்தாம் நாள் காலையில் ஏழு முளைகள், விதைத்தோலைத் தொப்பியாகத் தலையில் வைத்துக்கொண்டு நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. குடத்தைப் போட்டுவிட்டுக் குதித்தேன். அச்சகத்துச் சணலில் பந்தல் கட்டினேன். முதல் பிஞ்சு விட்டதும் என் வீட்டுக்காரர், "ஏ, அங்கன பாரு!" என்று விரலை நீட்டினார். படீரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன்.

"ஏய், என்னத்துக்கு அடிக்கிற?"

"பிஞ்ச விரல் நீட்டிக் காட்டுனா அழுகிப்போகும். மடக்கிக் காட்டுங்க!"

பாவம், அதற்குப் பிறகு விரலை மடக்கிக்கொண்டுதான் கொல்லைக்கே வருவார். காய்கள் வந்தன பாருங்கள், தினமும் ஒரு தட்டு! "நல்லா இருக்குன்னு சொல்லு" என்று மாமனார் அத்தையிடம் சொல்ல, நான் கதவுக்குப் பின்னால் சத்தம் வராமல் ஆடினேன்.

சித்திரை வெயிலில் கொடி சருகாகிவிட்டது. விதைக்கு விட்ட ஒரே ஒரு காய் மட்டும் மஞ்சளாகிக் கிடந்தது. அது போனால் அம்மாவுக்கு விதையே கிடையாது. யாரும் பறித்துவிடக் கூடாதே என்று, அச்சகத்தில் கழித்துப் போட்ட ரோஜாப்பூ லேபிள் ஒன்றை அதன் காம்பில் நூலால் கட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மதுரையிலிருந்து ஒரு பட்டாசு வியாபாரி வந்தார். பெரிய ஆர்டர், பெரிய மீசை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நான் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்ததால், மாமனார் கொல்லைக்குப் போய்த் தானே பறித்து, தானே நறுக்கிக் கொண்டுபோனது எனக்குத் தெரியாது. காபியோடு கதவருகே வந்தால், தட்டின் ஓரத்தில் ரோஜாப்பூ லேபிள்! இரண்டு பேர் வாயிலும் என் அம்மாவின் விதை.

"ஐயையோ! முழுங்கிராதீக மாமா! துப்புங்க! ரெண்டு பேரும் துப்புங்க!"

கன்னம் உப்பியபடி இருவரும் அப்படியே உறைந்துபோனார்கள். வெட்கமாவது மண்ணாவது! ஒரு தாம்பாளத்தை எடுத்து ஓடி அவர்கள் தாடைக்குக் கீழே நீட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்டுத் துப்பினார்கள். "மீசையில ஒண்ணு ஒட்டியிருக்கு" என்றேன். வியாபாரி அதையும் எடுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. வற்றிய கிணறு, பத்து விதை, அம்மா கேட்டது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன்.

மாமனார் திருதிருவென்று விழித்தார். "லேபிள் கட்டியிருந்துச்சேம்மா! நம்ம வீட்ல லேபிள் ஏறியாச்சுன்னா சரக்கு ரெடின்னுதான அர்த்தம்?"

வியாபாரி புரையேறச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீதி வில்லைகளிலிருந்து கத்தி நுனியால் ஒவ்வொரு விதையாக அவரே நெம்பி எடுத்தார். "பூச்சி அரிக்காம இருக்க சாம்பல்ல பெரட்டணுமாம்மா?" என்று நேராக என்னைப் பார்த்தே கேட்டார். "ஆமா மாமா" என்றேன்.

விதை காய்ந்ததும் வாங்கிப்போக அம்மா வந்தாள். அதற்குள் சங்கதி ஊரெல்லாம் பரவியிருந்தது. கதவுக்குப் பின்னால் என்னை இழுத்துக் கையைக் கிள்ளினாள். "மாமனார் முன்னாடி கத்துனியாமேடி? மானம் போச்சே!"

கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது. "கத்துனதால தப்பிச்சோம் சம்பந்தியம்மா. இல்லேன்னா உங்க தோட்டம் இந்நேரம் என் வயித்துக்குள்ள பந்தல் போட்டிருக்கும்!"

அம்மா முந்தானையை வாயில் திணித்துப் பார்த்தாள். சிரிப்பு அடங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, அவர் எதிரிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் அப்பா முன்னால்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.