எல்லாக் கிளையிலும் தைல வாசம்

போன வியாழக்கிழமை எனக்குச் சோதனை. இரத்தச் சோதனை இல்லை... இந்த வயதில் எல்லோரும் அதற்குத்தான் போவார்கள். எனக்கு மரச் சோதனை!

வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதனால் ஐம்பத்து மூன்று வயதில் கொலிஜில் தோட்டக்கலை படிக்கிறேன். இந்தச் சோதனையில் தவறினால் கோடைகாலப் பூங்கா வேலை கிடையாது.

மேசையில் பத்துக் கிளைகள் கிடக்கும். கனடாக் குளிர்காலம் அல்லவா, ஒரு இலையும் இருக்காது. மொட்டையும் பட்டையையும் பார்த்து மரத்தின் பெயரை எழுத வேண்டும்.

"இலை கொட்டின தடிக்குப் பேர் சொல்லவும் ஒரு படிப்போ?" என்றார் மனைவி. சோதனைப் பயத்தில் குனிந்தபடியே படித்து எனக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது. "ஆடாமல் இருங்கோப்பா, தைலம் பூசிவிடுறன்."

"பூசினது காணாது, இங்கால தாரும்" என்று போத்தலைப் பறித்து, பஸ்ஸிலும் பூசிக்கொண்டு போனேன்.

பத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: யெல்லோ பேர்ச். பட்டையைச் சுரண்டி மணந்தால் அசல் தைல வாசம்!

முதல் கிளையைச் சுரண்டினேன். தைலம்! எழுதினேன். இரண்டாவதும் தைலம். மூன்றாவது? அதுவும்! ஐந்தாவதில் வியர்த்தது. கனடாவில் இருப்பதே ஒரே மரம்தானோ?

வரிசையில் எனக்குப் பின்னால் வந்த அபி, கூடப் படிக்கும் என் மகள் வயதுப் பிள்ளை, குசுகுசுத்தாள்: "அங்கிள், நீங்க தொட்ட ஸ்டிக் எல்லாம் சேம் ஸ்மெல். கையில என்ன?"

"கையிலயோ? கழுத்திலதான் பிள்ளை..." சொல்லிக்கொண்டே விரலை மணந்தேன். ஐயோ!

"ஓ மை கோட், அங்கிள்! நானும் மூண்டுக்கு யெல்லோ பேர்ச் எழுதிட்டன்!"

எழுதியதையெல்லாம் வெட்டினேன். மூக்கு இனி உதவாது. பார்த்தேன். எதிரெதிராக மொட்டு — மேப்பிள். சுருட்டுப் போல் கூரான நீள மொட்டு — பீச். நுனியில் கொத்தாக மொட்டு — ஓக். அட, இவ்வளவு நாளும் கண் எங்கே போயிருந்தது?

கடைசிக் கிளை. தைல வாசம் மூக்கைத் துளைத்தது. என் விரல்தான்! இனியும் ஏமாற நான் என்ன மடையனா? பட்டையை மட்டும் பார்த்து 'செரி' என்று எழுதிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஒன்பது சரி. பிழையானது கடைசி ஒன்றுதான்.

அபிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்கிள், அதுதான் ரியல் யெல்லோ பேர்ச்!"

பயம் இப்படித்தான். முதலில் பொய்யையெல்லாம் நம்ப வைக்கும். தெளிந்த பிறகு, உண்மை வந்து நின்றாலும் நம்ப விடாது.

எப்படியோ பாஸ். மே மாதம் தொடக்கம் பூங்காவில் மண்வெட்டி பிடிக்க வேண்டுமாம்... என் முதுகு இப்போதே பெயிலாகியிருக்கலாம் என்கிறது.